கூரையைப் பிடித்து வைக்கிற வேலை

புயல் அடித்து ஓய்ந்த ஊருக்குள் போனால் எல்லோரும் கூரை போன வீட்டைப் பார்ப்பார்கள். நான் பறந்து போன ஷீட்டைத் தேடிப் போவேன். வயலிலோ வேலியோரத்திலோ கிடக்கும். அதைப் புரட்டி, ஸ்க்ரூ போட்ட ஓட்டைகளைப் பார்த்தாலே கூரை எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். ஓட்டை வட்டம் குலையாமல் இருந்து, ஸ்க்ரூவும் வாஷரும் ஷீட்டோடேயே வந்திருந்தால், ஷீட்டைத் தாங்கக் கீழே குறுக்கே போட்ட பர்லின் குழாய் மெல்லிசு. மரை பிடிக்க இரும்பு போதாமல் உருவிக்கொண்டு வந்திருக்கிறது. ஓட்டையைச் சுற்றி விரிசல் ஓடி, ஷீட் மட்டும் கிழிந்து கழன்றிருந்தால், ஷீட் மெல்லிசு, இல்லாவிட்டால் ஸ்க்ரூ குறைச்சல். பர்லினும் சேர்ந்தே பெயர்ந்து வந்திருந்தால் வெல்டிங் சரியில்லை. சில இடங்களில் தூண், பர்லினைத் தாங்குகிற ட்ரஸ் சட்டம், ஷீட் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கவிழ்ந்து கிடக்கும். தூணின் அடியில் ஒரு சின்ன கான்கிரீட் கட்டி தொங்கும். அங்கே மேலே செய்த வேலை எல்லாமே நன்றாக இருந்திருக்கும். மண்ணுக்குள் போட்டது மட்டும் போதாமல் போயிருக்கும்.

கடலூர்ப் பக்கம் ஷெட் போடுகிற தொழில் என்னுடையது. மொட்டை மாடி ஷெட், மாட்டுக் கொட்டகை, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கூடங்கள், நெல் குடோன், படகுப் பட்டறை என்று எல்லாம் போட்டிருக்கிறோம். எங்கள் கரைக்குப் புயல் புதிது இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததாக வானிலைத் துறை சொன்னது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காலையில் தகரக் கூரைகள் எந்தெந்தத் திசையில் பறந்தன என்று பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போனேன். பிறகு 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் வர்தா, 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் எங்களை வாட்டியது காற்றை விட வெள்ளம்தான். தானேயும் கஜாவும் காற்றுப் புயல்கள். கூரை வேலை செய்கிறவன் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டும் விட்டுப்போன இடிபாடுகளைத்தான்.

பட்டறையில் சேரும் பையனுக்கு முதலில் பாரம் தாங்குவதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். இவ்வளவு அகலத்துக்கு இந்தக் குழாய், இவ்வளவு நீளத்துக்கு நடுவில் ஒரு தூண், ஆள் ஏறி நின்றால் வளையக் கூடாது. எல்லாமே மேலிருந்து கீழே வருகிற கணக்கு. புயலில் கூரை கீழே விழுவதில்லை, மேலே கிளம்புகிறது. காற்று கூரைக்கு மேலே ஏறிக் கடக்கும்போது ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. தாழ்வாரத்து விளிம்பில் அடியிலிருந்தும் தள்ளுகிறது. ஆகவே வெயிலுக்கும் மழைக்கும் கூரையைத் தாங்கி நிற்பது ஒரு வேலை, புயலுக்கு அதைப் பிடித்து வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை நன்றாகச் செய்தவர்கள் இரண்டாவதைச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கரையில் நான் பார்த்த சேதத்தில் பெரும்பங்கு அந்த நினைப்பிலிருந்து வந்ததுதான்.

கணக்கு கஷ்டமானதில்லை. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வந்ததை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றுக்கு இது ஒரு சதுர அடிக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. அரை மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர அடி அரைக் கிலோ கூட நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்காகும். அறுபது கிலோமீட்டர் காற்றில் சும்மா படபடத்த கூரை நூற்றிருபதில் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இருபதுக்கு நாற்பது அடியில் ஒரு ஷெட் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் சாதாரணமாகக் கேட்கிற அளவு. மொத்தம் 800 சதுர அடி. சதுர அடிக்கு ஆறு கிலோ என்றால் 4,800 கிலோ மேல்நோக்கி இழுக்கிறது. எட்டுத் தூண் என்றால் சராசரியாக ஒரு தூணுக்கு 600 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி குழி, மூன்றடி ஆழம் எடுத்து முழுக்கக் கான்கிரீட் நிரப்பினால் அந்தக் கட்டி 800 கிலோ சொச்சம் இருக்கும். 120 கிலோமீட்டருக்கு அது நிற்கும் என்று சொல்லலாம். காற்று 150ஐத் தொட்டால் ஒரு தூணுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ இழுப்பு வந்துவிடும். மூலைத் தூணில் சராசரியை விட அதிகமாகவே வரும். ஒரு பக்கம் திறந்த ஷெட்டாக இருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தூக்கும். இதையெல்லாம் உட்கார்ந்து பென்சிலில் போட்டுக் காட்டினால், “ஒன்றரை அடி குழி போதும்ணே, மண்ணு நல்லா கெட்டியா இருக்கு” என்று சொன்னவர்கள் குழியை மூன்றரை அடிக்கு எடுக்கச் சம்மதிப்பார்கள். மண் கெட்டியாக இருப்பது பாரம் இறங்காமல் இருக்கத்தான் உதவும். தூக்குகிற காற்றுக்குக் கட்டியின் கனம்தான் முதல் பதில். அதிலும் எங்கள் கரையோர மணல், மழையில் ஊறிய பிறகு எதையும் பிடித்து வைக்காது.

பெரிய கட்டடங்களுக்குக் கணக்கு பொறியாளருடையது. காற்றழுத்தத்துக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் இருக்கிறது. சென்னைக்கு அதில் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2015 திருத்தத்தில் கிழக்குக் கரையிலும் குஜராத் கரையிலும் 60 கிலோமீட்டர் அகலத்துக்குள் வருகிற கட்டடங்களுக்குத் தனிப் பெருக்கம் சேர்த்தார்கள். தொழிற்சாலைகளுக்கு 1.15, ஆஸ்பத்திரி, புகலிடம் மாதிரி புயலுக்குப் பிறகு நின்றாக வேண்டிய கட்டடங்களுக்கு 1.30. இந்தப் பெருக்கம் வேகத்தில் சேர்வது. அதனால் அழுத்தம் அதைவிட வேகமாக ஏறும். கரையோரத்தில் குடோன் கட்டுகிறவர்கள் வரைபடம் வாங்கும்போது இந்த எண்ணைச் சேர்த்தார்களா என்று கேட்பது உரிமை. கேட்கலாம்.

வீட்டுக் கூரையில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் ஓரங்களைத்தான். காற்றின் இழுப்பு கூரை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. தாழ்வார விளிம்பு, முகடு, பக்கவாட்டு ஓரம், இந்த இடங்களில்தான் கடுமை. நாலு மூலையிலும் அதைவிடக் கடுமை. கூரை உரிவது அங்கேதான் ஆரம்பிக்கும். மூலையில் ஒரு ஷீட் கிளம்பினால் அடுத்த ஷீட்டின் ஓவர்லேப் திறந்துகொள்ளும், அப்புறம் வரிசையாகப் போகும். ஆகவே நடுக்கூரையில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ அடித்தாலும் ஓரத்து பர்லினில் மேட்டுக்கு மேடு அடிக்கச் சொல்வேன். நடுவில் நாலடிக்கு ஒரு பர்லின் என்றால் விளிம்பிலும் முகட்டிலும் இரண்டரை அடிக்குக் கொண்டு வருவேன். கூடுதலாகப் போகிற ஸ்க்ரூ ஒன்று சில ரூபாய்தான். ஷீட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்கி விலை பேசுகிறவர், கலர் பார்த்து, கம்பெனி முத்திரை பார்த்து வாங்குகிறவர், ஸ்க்ரூ என்று வரும்போது “இருக்கிறதைப் போடுங்க” என்பார். ஷீட்டைக் கூரையாக வைத்திருப்பது அந்த ஸ்க்ரூதான் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்க்ரூவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைக்குக் கீழே ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர் இருக்கும். மெஷினை அழுத்திப் பிடித்து முறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும், இரண்டு வெயிலில் வெடித்துவிடும். முறுக்காமல் விட்டால் ஷீட் ஆடும். ரப்பர் இரும்பு விளிம்பிலிருந்து ஒரு நூல் அளவு எட்டிப் பார்க்கிற இடத்தில் கையை எடுக்க வேண்டும். ஸ்க்ரூ சாய்வாக இறங்கினால் வாஷர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதை விட்டுவிடாமல் எடுத்து நேராகப் போட வேண்டும். கடலிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள் இருக்கிற வீடுகளில் ஷீட் பளபளப்பாக இருக்கும், ஸ்க்ரூத் தலை துருவில் கரைந்திருக்கும். வேதாரண்யம் உப்பளத்து ஷெட்டுகளில் விரலால் தட்டினாலே தலை உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். தலை போன ஸ்க்ரூ கீழேயிருந்து பார்க்கத் தெரியாது. ஏணி போட்டு ஏறித்தான் பார்க்க வேண்டும். ஷீட்டைக் கிரைண்டரில் அறுப்பதும் இந்தக் கரையில் பெரிய கேடு. வெட்டின ஓரத்தில் மேல்பூச்சு எரிந்துபோகும், பறக்கிற சூடான தூள் ஷீட் மேல் ஒட்டி அங்கங்கே துரு பிடிக்க வைக்கும். கத்தரியிலோ நிப்ளரிலோ வெட்டினால் வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஷீட் பல வருஷம் கூட நிற்கும்.

பழைய வீடுகளில் ஸ்க்ரூ இருக்காது, ஜே போல்ட்தான். கொக்கி பர்லினைக் கவ்வியிருக்கும். காற்று மேலே இழுக்கும்போது கொக்கி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து விடுவித்துக்கொள்ளும். பர்லின் உருண்டைக் குழாயாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்த மாதிரி வீடுகளுக்கு முழுக்கப் பிரித்து மாற்றக் காசு இல்லையென்றால், ஓரத்து வரிசைகளில் மட்டும் ஜே போல்ட்டை எடுத்து யூ போல்ட் போடச் சொல்வேன். குறைந்த செலவில் அதிகப் பலன் கிடைக்கிற வேலை அது.

காற்று ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே இருந்தால் எவ்வளவோ கூரை தப்பித்துவிடும். அது விட்டு விட்டு அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஷீட் எழும்பி உட்காருகிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கிற மாதிரி, ஸ்க்ரூத் தலையைச் சுற்றித் தகடு களைத்துப்போய் விரிசல் விடுகிறது. ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத்தை 1974 கிறிஸ்துமஸ் அன்று ட்ரேசி புயல் தரைமட்டமாக்கியபோது அங்கத்திய பொறியாளர்கள் கண்டுபிடித்தது இதைத்தான். ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் நன்றாகத் தாங்கிய தகரம், மணிக்கணக்காக அடித்த காற்றில் ஸ்க்ரூ இடங்களில் கிழிந்து போயிருந்தது. அதற்குப் பிறகு டார்வினில் கூரைத் தகரத்தைப் பத்தாயிரம் தடவை இழுத்து விட்டுச் சோதிக்கச் சொன்னார்கள். ஸ்க்ரூவுக்குக் கீழே அகலமான தகட்டு வாஷர் வைப்பது அங்கே பழக்கத்துக்கு வந்தது. எங்கள் பட்டறையில் ஓரத்து வரிசைகளுக்கு அந்த மாதிரி பட்டை வாஷர் வெட்டி வைத்துப் போடுகிறோம். மேட்டின் வளைவுக்கு ஏற்ப உட்கார வேண்டும், சும்மா தட்டையாக வைத்தால் தண்ணீர் இறங்கும்.

பர்லின் தடிமனில்தான் மலிவு டெண்டர்கள் கை வைக்கின்றன. ஒன்றேகால் மில்லிமீட்டர் சதுரக் குழாயில் ஸ்க்ரூவின் மரை இரண்டு சுற்று கூடப் பிடிக்காது. பெயின்ட் அடித்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்க இரண்டு மில்லிமீட்டரும் அதுவும் ஒன்றுதான். குழாய் வந்து இறங்கியதும், பெயின்ட் அடிப்பதற்கு முன், வெட்டின முனையில் அளந்து பார்த்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வேன். எடை போட்டு வாங்கினால் இன்னும் நல்லது. அதே மாதிரி பர்லினை ட்ரஸ்ஸில் நாலு புள்ளி வைத்து டேக் வெல்டிங்கோடு விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். சேர்த்து நிறுத்தத்தான் அந்தப் புள்ளி. முழு வெல்டிங் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் கோண இரும்பில் ஒரு துண்டு வைத்து போல்ட் போட வேண்டும். ஓட்டின இடத்தைத் தட்டி, கசடு எடுத்து, அன்றைக்கே ப்ரைமர் அடிக்க வேண்டும். வெறுமனே விட்ட வெல்டிங் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காமல் செம்பட்டையாகிவிடும்.

மொட்டை மாடி ஷெட்டுகளைத் தனியாகச் சொல்கிறேன். வர்தாவில் சென்னையில் நிறையப் போனது இவைதான். தரையை விட மேலே காற்று வேகம் அதிகம். வெயிலுக்காகப் போடுவதால் சுவர் இல்லாமல் நாலு பக்கமும் திறந்திருக்கும். எல்லாவற்றையும் விட மோசம் அடித்தட்டு. தூணுக்கு அடியில் பேஸ் பிளேட் வைத்து நாலு ஆங்கர் போல்ட் அடிப்பார்கள். நம் மாடிகளில் மேலே இருப்பது தட்டோடு, அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டின சுருக்கி. கான்கிரீட் அதற்கும் கீழே. நாலு அங்குல போல்ட் அந்தச் சுருக்கிக்குள்ளேயே முடிந்துவிடும். அடிக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். காற்று இழுத்தால் ஓட்டோடு பெயர்ந்து வரும். சரியான வழி, தூண் வருகிற இடத்தில் ஓட்டையும் சுருக்கியையும் உடைத்து எடுத்து, கான்கிரீட் தெரிந்த பிறகு கெமிக்கல் போட்டு ஆங்கர் இறக்குவது. அதுவும் கீழே பீம் ஓடுகிற இடமாகப் பார்த்து. பிறகு தண்ணீர் இறங்காமல் அந்த இடத்தைப் பூசி மூட வேண்டும். “மாடி ஒழுகும்” என்ற பயத்தில்தான் பல பேர் உடைக்க விடுவதில்லை. ஒழுகாமல் மூடுவது தெரிந்த வேலை. ஷெட் பக்கத்து வீட்டில் போய் விழுந்தால் அதற்கு மருந்து கிடையாது.

கஜா போன பிறகு வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போனோம். தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெல்டிங் மெஷினை ஜெனரேட்டரில் ஓட்டினால் டீசலுக்கே கூலி போய்விடும். அதனால் முடிந்தவரை போல்ட் வேலையாகவே செய்தோம். சார்ஜ் ட்ரில்லை மீன்வண்டிக்காரர் ஒருவர் ராத்திரி எடுத்துப் போய் ஏற்றிக் கொண்டு வந்து தருவார். ஒரு வீட்டில் நாலு பக்கச் சுவரும் ஒரு கீறல் இல்லாமல் நின்றது, கூரை மட்டும் ட்ரஸ்ஸோடு காணோம். சுவரின் தலையில் நாலு பள்ளம். ட்ரஸ் முனையை அந்தச் செங்கல் வரிசையில் புதைத்து, சிமென்ட் பூசி விட்டிருக்கிறார்கள். மேலே இரண்டு வரி செங்கல்லின் கனம்தான் மொத்தக் கூரையையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த வீட்டம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். புதுக் கூரை போடும்போது சுவரில் ஒவ்வொரு ட்ரஸ்ஸுக்கும் கீழே மேலிருந்து லிண்டல் வரைக்கும் காடி வெட்டி, பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியை லிண்டலுக்கு அடியில் கொக்கி போட்டு மேலே கொண்டு வந்து, மரை வெட்டி, ட்ரஸ் முனையில் தகடு வைத்து நட் போட்டோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கூரை போடச் சொன்னா சுவத்தைப் போட்டு ஒடைக்கிறியே தம்பி.”

“கூரை பறக்கணும்னா இனிமே சுவத்தையும் தூக்கிக்கிட்டுத்தாம்மா பறக்கணும்.”

“சுவரு மேல ஒக்காந்திருந்தது, இப்ப சுவத்தைப் புடிச்சிக்கிட்டிருக்குன்னு சொல்லு.”

அவர் சொன்னதை விடத் தெளிவாக இந்த வேலையை நான் யாருக்கும் விளக்கியதில்லை. ஷீட்டை ஸ்க்ரூ பிடிக்க வேண்டும், ஸ்க்ரூவை பர்லின், பர்லினை ட்ரஸ், ட்ரஸ்ஸைச் சுவரோ தூணோ, அதை மண்ணுக்குள் இருக்கிற கனம். நடுவில் எந்த இடத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே பிரியும். காடி வெட்டின சுவரைக் கான்கிரீட் போட்டு மூடி, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தோம்.

கதவு, ஜன்னல், ரோலிங் ஷட்டர். இவற்றைக் கூரையோடு சேர்த்தே நினைக்க வேண்டும். காற்று அடிக்கிற பக்கத்துக் கதவு உடைந்தால் உள்ளே காற்று நிரம்பிக் கூரையை அடியிலிருந்து தள்ளும், மேலே ஏற்கெனவே இழுப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நல்ல ஸ்க்ரூவும் திணறும். ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடும் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். எல்லாவற்றையும் சாத்தித் தாழ் போட வேண்டும். பத்துக்குப் பத்து ஷட்டரில் 120 கிலோமீட்டர் காற்று 600 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. பட்டைகள் நடுவில் தொந்தியிட்டு, ஓரச் சேனலிலிருந்து உருவிக்கொள்ளும். கடைக்காரர்களுக்கு ஒரு நடுக்கால் செய்து தருவோம். இரண்டரை அங்குலக் குழாய். தரையில் ஒரு பொந்து, மேலே பீமில் ஒரு கிளாம்ப். புயல் செய்தி வந்தால் ஷட்டருக்கு உள்பக்கம் நிறுத்திப் பின் போட்டுவிட்டு, ஷட்டரை இறக்கி, பக்கக் கதவு வழியாக வெளியே வர வேண்டியதுதான். மற்ற நாளில் மூலையில் சாத்தி வைத்துக்கொள்ளலாம். அகலம் பதினைந்தடி என்றால் இரண்டு கால் வேண்டும்.

இதெல்லாம் ஆடி, ஆவணியில் செய்கிற வேலை. ஐப்பசி பிறந்து மழை பிடித்த பிறகு வெல்டிங்கும் ஓடாது, பெயின்ட்டும் காயாது, ஷீட் வழுக்கும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றின அன்றைக்குப் போன் மேல் போன் வரும். அப்போது என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். மணல் மூட்டையை மட்டும் கூரை மேல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கும். மூட்டை இருக்கிற இடத்தில் ஷீட் அடங்கும், இரண்டடி தள்ளி எழும்பும். எழும்பிச் சரிந்தால் மூட்டை உள்ளே விழும். செங்கல்லும் கருங்கல்லும் வைக்கவே கூடாது. மூட்டை வைத்தே தீர வேண்டுமென்றால் ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கட்டி, முகட்டின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, அதன் மேல் குறுக்கே நைலான் கயிறு போட்டு, கயிற்றின் நுனியைத் தூணின் அடியிலோ மண்ணில் புதைத்த கட்டையிலோ இழுத்துக் கட்ட வேண்டும். ஜன்னல் கம்பியில் கட்டினால் ஜன்னலும் போகும். கடற்கரைக் குப்பங்களில் கீற்றுக் கூரை மேல் பழைய வலையைப் போர்த்தி, சுற்றிலும் இழுத்துக் கட்டுவார்கள். நான் பார்த்த கடைசி நேர ஏற்பாடுகளில் அதுதான் மிக நல்லது. வலை கூரை முழுக்கப் பரவிப் பிடிக்கிறது, ஒரு கயிறு அறுந்தாலும் மற்றது தாங்குகிறது.

கடைசி நாளில் செய்யக்கூடிய இன்னொன்று தண்ணீர் டேங்க். காலியான ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் பந்தாக உருளும், நிரப்பினால் ஒரு டன். கரண்ட் இருக்கும்போதே நிரப்பி மூடியைக் கட்டிவிட வேண்டும், புயலுக்குப் பிறகு குடிக்கவும் குளிக்கவும் ஆகும். டிஷ் ஆன்டெனா, விளம்பர போர்டு, பூந்தொட்டி, காயப் போட்ட கட்டில் எல்லாம் கீழே வந்தாக வேண்டும். பாதி முடிந்த ஷெட் இருந்தால் எங்கள் ஆட்கள் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். ட்ரஸ் நிறுத்திக் குறுக்குக் கம்பி போடாத ஷெட் பக்கவாட்டில் சாய்ந்து வரிசையாகப் படுத்துவிடும். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, தரையில் அடுக்கி வைத்த புது ஷீட் கட்டைச் சங்கிலியால் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அவிழ்த்த ஷீட் ஒன்று காற்றில் பறந்தால் எதிரே வருகிற ஆளுக்கு உயிர் போகிற காரியம்.

புயலின் கண் தலைக்கு மேல் வந்தால் காற்று அடங்கும். கூரையைப் பார்க்கலாம் என்று வெளியே ஓடுகிறவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறோம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் தளர்ந்த ஸ்க்ரூக்கள் போவது அப்போதுதான்.

மறுநாள் காலை ஏறுகிறவர்கள் வீட்டு மெயினை அணைத்து, ஷீட் மேல் மின்கம்பி எதுவும் விழுந்து கிடக்கவில்லை என்று பார்த்த பிறகு ஏணி சாத்துங்கள். தகரத்தில் கரண்ட் ஏறியிருந்தால் ஏணியைத் தொட்டாலே போதும். சிமென்ட் ஷீட் கூரையில் நேராகக் கால் வைக்காதீர்கள், புயலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும். பர்லின் ஓடுகிற வரிசையில் ஒரு பலகை போட்டு அதன் மேல் நடக்க வேண்டும். உடைந்த துண்டுகளை நனைத்து எடுங்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, தூள் மூச்சில் போகக் கூடாது. பறந்த தகர ஷீட்டைத் திரும்பப் போடலாம், அதில் தப்பில்லை, அவரவர் கையில் இருக்கிற காசுதான் முடிவு செய்யும். கிழிந்த ஓட்டையிலேயே மறுபடி ஸ்க்ரூ அடிக்காமல் ஷீட்டை அரை அடி நகர்த்திப் புது இடத்தில் அடிக்க வேண்டும். பழைய ஓட்டையை வாஷர் வைத்த ரிவிட்டால் அடைத்து சீலன்ட் பூசலாம். மடிப்பு விழுந்த ஷீட்டைத் தட்டி நிமிர்த்தினால் அந்த மடிப்பிலேயே அடுத்த காற்றில் கிழியும். அதைக் கூரைக்கு வைக்காமல் கொட்டகையின் பக்கச் சுவருக்கு அடித்துக்கொள்ளலாம். ஓரத்து இரண்டு வரிசைக்கு மட்டுமாவது புது ஷீட் வாங்கிவிடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வேன், நல்ல பழையதை நடுவில் போட்டுக்கொள்ளலாம்.